பாளையங்கோட்டையில் நபர்மைய ஆலோசனை: சென்று வந்த ஒருவரின் மதிப்புரை

பாளையங்கோட்டையின் குடியிருப்புத் தெரு ஒன்றில், முதல் மாடியில் இயங்கிவரும் ஒரு சிறிய ஆலோசனை மையத்துக்குச் சில மாதங்கள் சென்று வந்தேன். அங்கே பணியாற்றும் பெண் ஆலோசகர், பேசுபவரையே மையமாகக் கொண்ட நபர்மைய ஆலோசனை (person-centred counselling) முறையைப் பின்பற்றுகிறார். இம்முறையில் ஆலோசகர் நமக்கு வழி சொல்ல மாட்டார் என்பதைத் தெரிந்துகொண்டு செல்வது மிக அவசியம். நம் ஊர்ப் பக்கத்தில் ஒரு வீட்டில் சிக்கல் என்றால் பெரியப்பாவோ, தாய்மாமாவோ, கோயில் சாமியாடியோ, சபைப் போதகரோ ஏதாவது ஒரு முடிவைச் சொல்லி அனுப்புவதே வழக்கம் என்பதால், கட்டணம் செலுத்திச் சென்ற இடத்தில் அப்படி ஒரு முடிவு கிடைக்காதபோது ஏமாற்றம் எழும். இரண்டாம் முறை போகாமல் நின்றுவிடுபவர்களில் பலர் இதனால்தான் நிற்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன்.

இம்முறையை வகுத்தவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் (1902–1987). அறிவுரை கூறுவதையும், ஆலோசனைக்கு வந்து பேசுபவரின் பேச்சுக்கு ஆலோசகர் விளக்கம் சொல்வதையும் 1940-களிலேயே அவர் கேள்விக்கு உட்படுத்தினார். சிறுவயதில் தம் வீட்டு நிலவறையில் குளிர்காலத்துக்கென்று சேமித்திருந்த உருளைக்கிழங்குகள், உயரத்திலிருந்த சிறு சன்னலின் வெளிச்சத்தை நோக்கி வெளிறிய முளைகளை நீட்டியிருந்ததை அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். மனிதரிடமும் அத்தகைய ஓர் உந்துதல் உண்டு, அதற்கு ஏற்ற சூழலை அமைத்துக் கொடுப்பதே ஆலோசகரின் வேலை என்பது அவர் கொள்கை. மாற்றம் நிகழ்வதற்கு வேண்டிய ஆறு நிபந்தனைகளை 1957-இல் வெளியான கட்டுரையில் அவர் விவரித்தார். அவற்றுள் ஆலோசகரிடம் இருக்க வேண்டிய மூன்று இன்று பரவலாக அறியப்பட்டவை: பேசுபவரின் நிலையிலிருந்து உணர்ந்து புரிந்துகொள்ளுதல், நிபந்தனையின்றி ஏற்றுக்கொள்ளுதல், தம் உணர்வுக்கு உண்மையாக இருத்தல்.

படிக்கும்போது இவை வெறும் நற்பண்புகளின் பட்டியலாகத் தோன்றலாம். ஓர் அறையில் அவை எப்படிச் செயல்படுகின்றன என்பதை என் அனுபவத்தைக் கொண்டே சொல்ல முடியும். என் மாமியார் பக்கவாதத்தால் படுக்கையில் கிடந்த காலம் முழுவதும் அவரைக் கவனித்துக்கொண்டவள் நான். அதற்காக ஆசிரியர் வேலையையும் விட்டிருந்தேன். அவர் இறந்தபின் கல்லிடைக்குறிச்சியிலிருந்தும் தென்காசியிலிருந்தும் துக்கம் கேட்க வந்த உறவினர்கள், பெற்ற மகள்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டாள் என்று என்னைப் பாராட்டினார்கள். ஆனால் அத்தையின் மூச்சு அடங்கியபோது எனக்கு முதலில் தோன்றியது நிம்மதிதான். அதை யாரிடமும் சொல்ல முடியாமல், ஒவ்வொரு பாராட்டின்போதும் உள்ளுக்குள் கூசிப்போனேன்.

ஆலோசகரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் சுளிக்கவில்லை என்பதைக் காட்டிலும், “எல்லாருக்கும் வருவதுதான், விடுங்கள்” என்று ஆறுதல் கூறவில்லை என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். அப்படி ஓர் ஆறுதல் வந்திருந்தால் என் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். சற்று நேரம் கழித்து, “அவர்கள் வேறு யாரையோ பாராட்டுவதுபோல உங்களுக்கு இருக்கிறது” என்றார். பிறகு ஒரு கட்டத்தில், குற்றவுணர்வு என்னை வாட்டுவதாகத் தாம் புரிந்துகொண்டது சரிதானா என்று கேட்டார். யோசித்துப் பார்த்து, குற்றவுணர்வு இல்லை, கோபம் என்றேன். “கோபம்” என்று அவரும் அதை ஏற்றுக்கொண்டு, தம் கணிப்பை அங்கேயே விட்டுவிட்டார். வருடத்துக்கு ஒருமுறை பலகாரப் பையோடு வந்துபோன நாத்தனார்கள் மீது எனக்கு இருந்த கோபத்தைப் பற்றி அதன்பிறகுதான் முழுமையாகப் பேச முடிந்தது. பேசுபவரின் மனத்தைப் பேசுபவரைவிடத் தமக்கு நன்றாகத் தெரியும் என்ற எண்ணம் ஆலோசகருக்கு இல்லாமலிருப்பது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அந்த அறையில்தான் உணர்ந்தேன்.

தம் உணர்வுக்கு உண்மையாக இருத்தல் என்ற மூன்றாவது பண்பையும் ஒருமுறை கண்டேன். இரவெல்லாம் கண்விழித்த நாட்களைப் பற்றி நான் சிரித்தபடியே சொல்லிக்கொண்டிருந்தபோது, “நீங்கள் சிரிக்கிறீர்கள், கேட்கும் எனக்கு வருத்தமாக இருக்கிறது” என்றார். தொழில்முறைப் புன்னகையோடு தலையாட்டிக்கொண்டே இருக்கும் ஒருவரால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

மீண்டும் வேலைக்குப் போகட்டுமா என்று நேராகவே கேட்டேன். “என் வாயிலிருந்து ஒரு முடிவு வந்தால் உங்களுக்குச் சுமை குறையும் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது” என்றாரே தவிர, போ என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. அன்று எரிச்சலோடுதான் பேருந்து ஏறினேன். ஆனால் பின்னர் நான் எடுத்த முடிவை மாமாவிடமும் கணவரிடமும் சொன்னபோது, யார் சொல்லிக் கொடுத்தது என்ற கேள்விக்கு அதில் இடமே இருக்கவில்லை.

வீட்டுப்பாடம், வினாத்தாள், மதிப்பெண் போன்றவை இங்கே கிடையா. நீண்ட மௌனங்கள் உண்டு. அவை பழகச் சில அமர்வுகள் ஆகும். நாம் சொல்வது வெளியே போகாது என்பதையும், உயிருக்கு ஆபத்து என்ற நிலையிலும், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களைத் தெரிவிக்கச் சட்டம் கட்டாயப்படுத்தும் நிலையிலும் அது பொருந்தாது என்பதையும் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள்.

இம்முறை எல்லாவற்றுக்கும் போதுமானதன்று. ஆலோசகர் மருந்து எழுதித் தர முடியாது. இல்லாத குரல்கள் கேட்பவர்கள், பல நாட்களாக உறக்கமும் உணவும் இன்றித் தவிப்பவர்கள் ஆகியோர் முதலில் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே அதற்கான பிரிவு இருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அடுத்த அமர்வு வரை காத்திருக்கக் கூடாது. 2022-இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மேலும், மருத்துவ உளவியலாளர் (clinical psychologist) என்ற பெயரில் பணியாற்றுவதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். ஆனால் ஆலோசகர் என்று பலகை வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரே தகுதி உடையவர்கள் அல்லர். ஆகவே எங்கே படித்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் பணிபுரிகிறீர்கள் என்று கேட்கத் தயங்க வேண்டாம். இவர் அக்கேள்விகளுக்கு முகம் மாறாமல் பதில் சொன்னார்.

மையத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். காத்திருக்கும் இடம் தெருவைப் பார்த்த திறந்த வராந்தாவாக இருப்பதால், தெரிந்தவர் எவரேனும் பார்த்துவிடுவாரோ என்ற அச்சத்தோடே உட்கார வேண்டியிருக்கிறது. ஒருவருக்கொருவர் அறிமுகமான ஊர்களிலிருந்து வருகிற பெண்களுக்கு இது சிறிய விஷயமன்று, ஒரு திரை போட்டால்கூடப் போதும். மாலை ஆறு மணிக்குமேல் அமர்வு கிடையாது என்பதால் வேலைக்குச் செல்வோர் விடுப்பு எடுக்க நேர்கிறது. 50 நிமிட அமர்வுக்கு 600 ரூபாய் வாங்குகிறார்கள். மாணவர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கிறார்கள், ஆனால் அதை நாமே கேட்டால்தான் சொல்கிறார்கள். அம்பாசமுத்திரம், வள்ளியூர் போன்ற தொலைவான ஊர்களிலிருந்து வருவோர் முதல் சில அமர்வுகளுக்கு நேரில் சென்று, பிறகு தொலைபேசியில் தொடர முடியுமா என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளலாம். எனக்கு இடையில் அவ்வாறு ஏற்பாடு செய்து தந்தார்கள்.