மின்ட் போடுவதற்கு முன் விண்டோஸை முழுதாக எடுத்து வைத்தேன்: சில ஆண்டு அனுபவம்

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் ஓடத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. 4 ஜிபி ரேமில் விண்டோஸ் 10 திணறியதால் மாறினோம். மின்ட் பற்றிக் குறையே இல்லை. ஆனால் உண்மையில் எனக்குக் கைகொடுத்தது, மாறும் முன் குளோன்சில்லா என்ற இலவச மென்பொருளில் எடுத்து வைத்த டிஸ்க் இமேஜ், அதாவது மொத்த வட்டின் அப்படியே ஒரு படி.

விண்டோஸிலேயே ரெக்கவரி டிரைவ் செய்யலாம். 16 ஜிபி பென்டிரைவ் வேண்டும். ஆனால் அதிலிருந்து விண்டோஸ் மட்டுமே திரும்பி வரும், நம் கோப்புகளும் மென்பொருள்களும் வராது. அம்மா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. சோதனைத்தாள் தட்டச்சு செய்யப் பயன்படும் தமிழ் மென்பொருளான முரசு அஞ்சல் முதல் பிரிண்டர் அமைப்பு வரை எல்லாம் அப்படியே வேண்டும். குளோன்சில்லா பூட் பகுதி, சி டிரைவ், மறைந்திருக்கும் ரெக்கவரி பகுதி என மொத்த வட்டையும் எடுத்துவிடும்.

எடுக்கும் முன் ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள். சாதாரணமாக அணைத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் விண்டோஸைப் பாதித் தூக்கத்தில் விட்டுவிடும். வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் காலி இடத்தையும் சேர்த்துப் படியெடுக்கும், இமேஜ் பூதாகரமாகிவிடும். அப்புறம், காலையிலேயே ஆரம்பியுங்கள். இங்கே மதியத்துக்கு மேல் இடியும் மழையும் சேர்ந்து வந்தால் கரண்ட் போய்விடும்; லேப்டாப் பேட்டரியில் தாங்கினாலும், தனி அடாப்டரில் ஓடும் வெளி ஹார்ட் டிஸ்க் நின்றுவிடும். எடுத்த இமேஜ் சரியாக இருக்கிறதா பார்க்கவா என்று கேட்கும்போது கட்டாயம் ஆம் சொல்லுங்கள். நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

போன வருடம் தம்பியின் படிப்புக்கு விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் ஒன்று தேவைப்பட்டது. மின்ட் இருந்த வட்டைக் கழற்றி வைத்துவிட்டு, புது எஸ்எஸ்டியில் இமேஜை இறக்கினேன். புது வட்டு பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. விண்டோஸ் கீ கேட்கவில்லை; லேப்டாப்போடு வந்த கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. அஞ்சல் திறந்தது, பிரிண்டர் ஓடியது. அம்மாவுக்குத்தான் பெரிய சந்தோஷம்.

ஒரே இடைஞ்சல், பெரிய வட்டின் மிச்ச இடம் சி டிரைவோடு சேரவில்லை. நடுவே ரெக்கவரி பகுதி உட்கார்ந்திருந்தது. வட்டின் பகுதிகளை மாற்றியமைக்கும் ஜிபார்ட்டட் மென்பொருளில் அதைக் கடைசிக்கு நகர்த்தியபின் சேர்ந்தது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், இப்போது அந்த வட்டை இணையத்தில் இணைக்காமல் பாடத்துக்கு மட்டும் பயன்படுத்துகிறோம். பேங்க் வேலையெல்லாம் மின்ட்டில்தான்.