ப்ரீ-ஆர்டர் போடும் முன் படியுங்கள்: ₹4,499 தண்டம் அழுத கதை

ஒரு கம்ப்யூட்டர் ஸ்போர்ட்ஸ் கேமுக்கு ப்ரீ-ஆர்டர் போட்டு, அதாவது வெளிவரும் முன்பே பணம் கட்டி, ₹4,499 தண்டம் அழுதுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பணம் திரும்பி வராது என்பது போன வாரம் உறுதியாகிவிட்டது. என் பணம் போனது போகட்டும், அடுத்த சீசனுக்கு இப்போதே ஆர்டர் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பேர் "போட்டுடலாமா?" என்று கேட்டும் ஆகிவிட்டது. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

கேமின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் சொல்லப் போவதில்லை. எந்த ஆட்டம் என்றுகூடச் சொல்ல மாட்டேன். இந்தத் தொழிலில் இருப்பதே விரல் விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகள். ஆட்டத்தைச் சொன்னால் ஆளைக் காட்டிக் கொடுத்த மாதிரிதான். ஒரு பந்து உண்டு, புல்தரை உண்டு, சுற்றி ஐம்பதாயிரம் பேர் கத்துவார்கள். அவ்வளவு போதும்.

முதலில் டிரெய்லர். ஒன்றே முக்கால் நிமிடம். வீரர் ஒருவர் இருட்டான நடைவழியிலிருந்து மைதானத்துக்குள் வருகிறார். காதோரம் ஒரு வியர்வைத் துளி இறங்கி, தாடை வரை வந்து, காலருக்குள் போகிறது. முதுகில் ஜெர்சி ஈரமாக ஒட்டியிருக்கிறது; கையைத் தூக்கும்போது பிரிந்து மறுபடி ஒட்டுகிறது. மாலை வெயில். ஒரு பக்கத்து கேலரியின் நிழல் பாதி மைதானத்தை மூடியிருக்கிறது. எதிர்ப்பக்க கேலரியில் நீலச் சட்டை போட்ட ஒரு அப்பா குழந்தையைத் தோளில் தூக்கி வைத்திருக்கிறார். குழந்தை சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொள்கிறது. நான் விழுந்தது இந்தக் குழந்தையிடம்தான். கூட்டத்தில் இருக்கும் ஒரு ஆளுக்கே இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்களே, ஆட்டத்துக்கு எவ்வளவு மெனக்கெட்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

எனக்குப் பேராசை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. 2006இல் வந்த இஏ கிரிக்கெட் 07ஐப் பத்து வருடத்துக்கும் மேல் ஆடியவன் நான். அதில் நம் வீரர்களின் பெயர்கூட ஒழுங்காக இருக்காது, உரிமம் வாங்கவில்லை. ரசிகர்களே ராத்திரி பகலாக உட்கார்ந்து முகம், ஜெர்சி, மைதானம் எல்லாவற்றுக்கும் பேட்ச், அதாவது கேமில் சேர்க்கும் திருத்தக் கோப்பு, செய்து போட்டார்கள். அதை ஆடியபோது யாரிடமும் வியர்வை கேட்கவில்லை. இப்போது வியர்வையைக் காட்டி விற்றது அவர்கள்.

டீலக்ஸ் பதிப்பு வாங்கினேன். மூன்று நாள் முன்கூட்டியே ஆடலாம், கூடவே தங்க நிற ஷூ. (தங்க நிற ஷூவுக்கு ஆசைப்படும் வயதா என்று வீட்டில் கேட்டார்கள். பதில் இல்லை.) போன தீபாவளி போனஸில் புது கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தேன். கேமின் பக்கத்தில் "பரிந்துரைக்கப்படும் அமைப்பு" என்று போட்டிருந்ததைவிட என் கம்ப்யூட்டர் ஒரு படி மேலே.

வெள்ளிக்கிழமை ராத்திரி. அக்கா மகன், பத்தாவது படிக்கிறான், இதற்கென்றே வந்து தங்கினான். முதல்முறை திறந்ததும் ஷேடர் (ஒளி, நிழல், நிறத்தை வரையும் சின்ன நிரல்கள்) தயாராகிறது என்று ஒரு பட்டை ஓடியது, இருபத்தைந்து நிமிடம். அப்புறம் தாண்டவே முடியாத ஒரு பயிற்சிப் பாடம். அது முடிந்து ஆட்டம் தொடங்கியதும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"மாமா, செட்டிங்ஸ் லோ-ல இருக்கு போல."

நானும் அதைத்தான் நினைத்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாமே உச்சத்தில் இருக்கிறது. சரி, டிரைவர் (கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருள்) பழசாக இருக்கும் என்று கேமைத் திறந்து வைத்தபடியே புது டிரைவர் இறக்கினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். ரெசல்யூஷனை மாற்றினேன். டிவியில் கேபிள் சொருகிப் பார்த்தோம். ஒரு வித்தியாசமும் இல்லை. வீரரின் முகம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் காத்திருப்பவர் மாதிரி மொத்தமாகப் பளபளத்தது, துளி என்று ஒன்று இல்லை. ஜெர்சி உடம்பின் மேல் பெயின்ட் அடித்தது போல இருந்தது. நிழல் ஆட்டம் தொடங்கியபோது எங்கே இருந்ததோ அங்கேயே கடைசிவரை கிடந்தது. பையன் ஆட்டத்தை விட்டுவிட்டு கேலரியை எண்ண ஆரம்பித்தான். ஒரே கேலரியில் ஒரே மஞ்சள் சட்டைக்காரர் பதினோரு இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். பதினொருவரும் ஒரே நொடியில் கையைத் தூக்குகிறார்கள். "அந்த பாப்பா எங்க மாமா?" என்றான். தேடினோம். இல்லை.

இங்கேதான் நான் செய்த பெரிய தப்பு. குறை என் கம்ப்யூட்டரில்தான் என்று நம்பி நோண்டிக்கொண்டே இருந்தேன். பார்த்தபோது, ஆடிய நேரக் கணக்கில் மூன்று மணி நேரம் பத்து நிமிடம் ஏறியிருந்தது. பிசி கேம் விற்கும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் 2015 ஜூனிலிருந்து ஒரு விதி உண்டு: வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் காரணம் கேட்காமல் பணத்தைத் திருப்பித் தருவார்கள். ப்ரீ-ஆர்டர் என்றால் கேம் வெளிவந்த நாளிலிருந்து 14 நாள். நான் வாங்கிய கடையிலும் அதே மாதிரி விதிதான், கடை மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் கேம் திறந்திருக்கும் நேரம் முழுக்க ஆடிய நேரம்தான். பட்டை ஓடிய இருபத்தைந்து நிமிடம், நான் டிரைவர் இறக்கிய நேரம் எல்லாமே அதில் சேரும். "முன்கூட்டியே ஆடும்" மூன்று நாளில் ஆடிய நேரமும் சேருமா என்று சிலர் கேட்கிறார்கள். ஸ்டீமில் 2024 ஏப்ரலிலிருந்து அதுவும் சேரும்.

கம்பெனிக்கு எழுதினேன். டிரைவரைப் புதுப்பியுங்கள், கோப்புகளைச் சரிபாருங்கள் என்றார்கள். செய்து படத்தோடு அனுப்பினேன். கம்ப்யூட்டர் விவரம் கேட்டார்கள். கொடுத்தேன். வேறொருவர் வந்து மறுபடி டிரைவரைப் புதுப்பிக்கச் சொன்னார். ஆறாவது மெயிலில்தான் உண்மை வந்தது: "இந்தப் பதிப்பின் காட்சித்தரம் வடிவமைத்தபடியே இயங்குகிறது."

அதாவது, பிசிக்கு அவர்கள் விற்றது பழைய தலைமுறை கன்சோலுக்கு (டிவியில் சொருகி ஆடும் கேம் பெட்டி) செய்த பதிப்பு. டிரெய்லரில் இருந்தது புதிய கன்சோலின் பதிப்பு. பெயர் ஒன்று, அட்டைப்படம் ஒன்று, விலை ஒன்று, இரண்டுக்கும் ஒரே டிரெய்லர். கம்பெனியின் தளத்தில் கேள்வி-பதில் பகுதியின் அடியில் "சில காட்சி அம்சங்கள் தளத்துக்குத் தளம் மாறுபடலாம்" என்று ஒரு வரி இருக்கிறது. டிரெய்லரை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். கடைசி இரண்டு நொடியில், கறுப்புப் பின்னணியில் சாம்பல் நிற எழுத்தில், எந்தக் கன்சோலில் பதிவு செய்தது என்று போட்டிருக்கிறார்கள். முன்பு இருபது தடவை பார்த்தபோதும் சினிமாவில் வரும் புகையிலை எச்சரிக்கை மாதிரி அதைக் கடந்து போயிருக்கிறேன்.

இது எனக்கு மட்டும் நடந்ததும் இல்லை, புதுசும் இல்லை. 2013இல் ஃபிஃபா 14 என்ற கால்பந்து கேமுக்குப் புதிய இக்னைட் எஞ்சின் (கேமை ஓட்டும் மென்பொருள்) அப்போதைய புதிய கன்சோல்களான பிஎஸ்4க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும்தான் வந்தது. பிசிக்காரர்கள் ஃபிஃபா 15 வரை காத்திருந்தார்கள். ஃபிஃபா 21, 22 இரண்டிலும் அதே கதை, 2022 செப்டம்பரில் ஃபிஃபா 23 வந்தபோதுதான் பிசிக்குப் புதிய பதிப்பு கிடைத்தது. கூடைப்பந்தில் என்பிஏ 2கே21 முதல் 2கே24 வரை நான்கு வருடம் பிசிக்குப் பழசுதான், 2கே25இல்தான் மாறியது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஃபிஃபா 21 பிசியில் பழைய தலைமுறையாகத்தான் இருக்கும் என்பதை விற்பனைக்கு முன்பே சொன்னார்கள், சாதாரண கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களும் ஆட வேண்டும் என்று காரணமும் சொன்னார்கள். காரணம் பிடிக்காமல் போகலாம், திட்டலாம், வாங்காமலும் இருக்கலாம். ஏமாந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. கிராஃபிக்ஸ் சுமாராக இருப்பது ஏமாற்று இல்லை. எந்தச் சட்டியிலிருந்து எடுத்துக் காட்டினோம், எந்தச் சட்டியிலிருந்து பரிமாறுகிறோம் என்பதை மறைப்பதுதான் ஏமாற்று.

சரியான பதிப்பாகவே இருந்தாலும் டிரெய்லர் ஒரு ஜாலம் காட்டும். நாம் ஆடும்போது கேமரா உயரத்தில், தூரத்தில் இருக்கும். நொடிக்கு 60 படம் வேண்டும் என்றால் ஒரு படத்தை வரைய ஏறத்தாழ 16 மில்லிநொடிதான் கிடைக்கும். அதற்குள் இத்தனை வீரர், பந்து, புல், கூட்டம் எல்லாம் முடிய வேண்டும். அதனால் தூரத்தில் இருக்கும் வீரருக்கு எளிய பொம்மை, கிட்டே வந்தால் நுணுக்கமான பொம்மை என்று ஒரே ஆளுக்குப் பல பொம்மைகள் வைத்திருப்பார்கள். ரீப்ளே வரும்போது பல கேம்களில் படக்கணக்கை 30 ஆகக் குறைத்துவிடுவார்கள். ஒரு படத்துக்கான நேரம் இரண்டு மடங்காகும், துணி மடிப்பும் வியர்வையும் அப்போதுதான் எட்டிப் பார்க்கும். ஸ்போர்ட்ஸ் கேம் டிரெய்லர்களில் பெரும்பகுதி இந்த ரீப்ளே கேமராதான். நடைவழியில் நடந்து வருவது, கோல் போட்டுக் கொண்டாடுவது, கண்ணுக்குக் கிட்டே போவது. கையில் கண்ட்ரோலர் இருக்கும்போது இவற்றில் எதையும் நாம் பார்ப்பதே இல்லை.

"இன்-எஞ்சின்" என்ற சொல்லையும் கவனியுங்கள். கேமை ஓட்டும் அதே மென்பொருளில் செய்த காட்சி என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். உங்கள் வீட்டில் அதே வேகத்தில் ஓடும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு படத்துக்கு ஒரு நிமிடம் எடுத்து வரைந்து கோத்திருந்தாலும் அது இன்-எஞ்சின்தான். ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிய அளவில் எடுத்து, சுருக்கி, மெருகேற்றிப் போடுவதற்குக் கேமர்கள் "புல்ஷாட்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

மாட்டிக்கொண்ட பிறகு கம்பெனிகள் எப்படி நடந்துகொண்டன என்பதற்கும் உதாரணம் உண்டு. 2013 நவம்பரில் ஆஷஸ் கிரிக்கெட் 2013 ஸ்டீமில் வந்தது, கூத்தாக இருந்தது, சில நாளிலேயே கடையிலிருந்து எடுத்தார்கள். வெளியிட்ட 505 கேம்ஸ் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தது. 2021 செப்டம்பர் 30 அன்று ஈஃபுட்பால் 2022 வந்தபோது மெஸ்ஸி, ரொனால்டோ முகங்களை வைத்து உலகமே மீம் போட்டது. அதைச் செய்த கொனாமி மன்னிப்புக் கேட்டது. ஒழுங்கான பதிப்பு 2022 ஏப்ரலில்தான் வந்தது. ஆனால் அந்தக் கேம் இலவசம், எனக்கு அந்தச் சலுகையும் இல்லை.

ஆசை அடங்காமல் வாங்கித்தான் தீருவேன் என்பவர்களுக்கு: வெளிவந்து ஒரு வாரம் பொறுங்கள். உங்களிடம் இருக்கும் அதே சாதனத்தில், சாதாரண ஆட்டக் கேமராவில், முழு ஆட்டத்தை யாராவது வெட்டாமல் யூடியூபில் போட்டிருப்பார்கள். ரீப்ளேவைத் தாண்டிவிட்டு கூட்டத்தையும் நிழலையும் பாருங்கள். டிரெய்லரின் கடைசி நொடிகளை நிறுத்தி வாசியுங்கள். வாங்கிவிட்டீர்களா, முதல் அரை மணியிலேயே முடிவெடுங்கள்; டிரைவரை நோண்டுவதாக இருந்தால் கேமை மூடிவிட்டு நோண்டுங்கள். கம்பெனிக்கு மெயில் போட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள், முதலில் கடையில் பணம் கேளுங்கள். அவர்கள் மெயில் எழுதும் வேகத்தைவிட 14 நாள் வேகமாக ஓடும்.

நம் நாட்டில் சட்டமும் கொஞ்சம் பேசுகிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் தவறான விளம்பரங்களுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. விளம்பரம் சொல்வதை அடிக்குறிப்பு மாற்றிச் சொல்லக் கூடாது, முக்கியமான தகவலை மறைக்கவும் கூடாது என்று அதில் இருக்கிறது. இதை வைத்துத்தான் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணில் கூப்பிட்டுப் புகார் கொடுத்தேன். டிரெய்லரையும் ஆறு மெயிலையும் சேர்த்திருக்கிறேன். ஒரு பதிவு எண் வந்திருக்கிறது, இன்னும் வேறொன்றும் வரவில்லை.

பையன் இன்னும் அந்தக் கேமைத்தான் ஆடுகிறான். செட்டிங்ஸ் எல்லாவற்றையும் லோவில் வைத்துவிட்டான். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கிறது, ஃபேன் சத்தமாவது குறைகிறது என்கிறான். நேற்று அடுத்த சீசன் டிரெய்லரை அவன்தான் போனில் கொண்டுவந்து காட்டினான். அதே நடைவழி, அதே மாலை வெயில். கேலரியில் அதே அப்பா, தோளில் அதே குழந்தை, காதைப் பொத்திக்கொண்டு. அப்பாவின் சட்டையை மட்டும் பச்சையாக மாற்றியிருக்கிறார்கள்.