சென்சார் மாற்றியதாக 290 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வாங்கினார்கள், பழைய சென்சார் அப்படியே இருந்தது

கார் வைத்திருப்பவர்கள், அதிலும் ஏழெட்டு வருடமான கார் வைத்திருப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என்னுடையது எட்டு வருட ஜப்பானிய கார். சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான சிஓஇ என்ற உரிமச் சான்றிதழ் முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, அதுவரை நன்றாக ஓட்டிவிடலாம் என்றுதான் தவறாமல் சர்வீஸ் செய்து வந்தேன். மார்ச் மாதத்தில், எஞ்சினில் கோளாறு என்று காட்டும் செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. சில நாளில் தானாக அணைந்தது. அப்புறம் மறுபடியும் எரிந்தது. எரிகிற நாட்களில் சிக்னலில் நிற்கும்போது வண்டி உதறும், பெட்ரோல் வாடை உள்ளே வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் அம்மாவோடு மீன் வாங்கிக்கொண்டு வந்து சாவியைத் திருப்பினால் எஞ்சின் பிடிக்கவே இல்லை. ஆறாவது முறைதான் பிடித்தது. அம்மா மடியில் மீன் பையை வைத்துக்கொண்டு, "பார்த்து ஓட்டுப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நடுச்சாலையில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு.

மறுநாளே ஒரு பட்டறைக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் நம்மவர். "வாங்கண்ணே, அரை மணி நேரத்துல பார்த்துடலாம்" என்று தமிழில் பேசியதும் எனக்குப் பாதிக் கவலை போய்விட்டது. ஸ்கேனரைப் போட்டார்கள். பி0113 என்று எரர் கோட், அதாவது கோளாறைக் குறிக்கும் எண், வந்தது. எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார். சென்சார் 290, கூலி 60, ஸ்கேன் 30, ஆக 380 வெள்ளி. கட்டினேன். விளக்கு அணைந்திருந்தது, வண்டியும் உதறவில்லை. மனநிறைவோடு வீட்டுக்கு வந்தேன்.

பதினொரு நாளில் விளக்கு திரும்ப எரிந்தது. மறுபடியும் போனேன். "அது வேறண்ணே, த்ராட்டில் பாடி அழுக்கா இருக்கு" என்று, எஞ்சினுக்குள் காற்றை விடும் அந்தப் பகுதியை 220 வெள்ளிக்குச் சுத்தம் செய்தார்கள். ஒன்பது நாள் நன்றாக ஓடியது. மூன்றாவது முறை போனபோது எஞ்சினின் கணினிப் பெட்டியையே மாற்ற வேண்டும், 1,450 வெள்ளி ஆகும் என்றார்கள். அங்கேதான் எனக்கு உறுத்தியது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு காரணம், ஆனால் எரர் கோட் மட்டும் அதே பி0113. யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என் மனைவியின் மாமா ஒருவர் ஜூரோங்கில் முப்பது வருடம் லாரி எஞ்சின் பார்த்தவர், இப்போது ஓய்வில் இருக்கிறார். அவரிடம் சொன்னதும் முதலில் கேட்டது, "தம்பி, அந்த கோட் என்ன சொல்லுதுன்னு யாராவது உனக்குச் சொன்னாங்களா?" என்றுதான். யாரும் சொல்லவில்லை.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். அந்தச் சென்சாருக்குள் இருப்பது சூடு ஏற ஏற மின்தடை குறைகிற ஒரு சின்னப் பொருள். பெரும்பாலான ஜப்பானிய கார்களில் 20 டிகிரியில் இரண்டிலிருந்து மூன்று கிலோ ஓம் காட்டும், 80 டிகிரியில் அரை கிலோ ஓமுக்கும் கீழே இறங்கிவிடும். கணினி 5 வோல்ட் அனுப்பி, திரும்பத் தெரியும் வோல்ட்டை வைத்துக் காற்றின் சூட்டைக் கணக்கிடுகிறது. வயர் எங்காவது அறுந்தால் மின்சுற்று திறந்துவிடும், வோல்ட் 5-க்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். அதைக் கணினி மைனஸ் 40 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும். பி0113 என்றால் அந்த மின்சுற்றில் வோல்ட் அளவுக்கு மேல் இருக்கிறது என்று மட்டுமே பொருள். சென்சார் கெட்டிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், வயரைச் சென்சாரோடு இணைக்கும் சாக்கெட் தளர்ந்திருக்கலாம். எது என்று அந்த கோட் சொல்லாது. சிங்கப்பூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19 டிகிரிதான். நம் ஊர் வெயிலில் ஓடுகிற எஞ்சின், வெளியே உறைபனி என்று நம்பி பெட்ரோலைக் கூடுதலாகக் கொட்டுகிறது. என் காரில் காற்றின் அளவை நேரடியாக அளக்கும் கருவி கிடையாது, அழுத்தத்தையும் இந்த வெப்பத்தையும் வைத்துத்தான் கணக்கிடுகிறது. அதனால்தான் உதறலும் பெட்ரோல் வாடையும், சூடான எஞ்சின் பிடிக்காமல் போனதும்.

அன்று மாலை எங்கள் புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில் பானெட்டைத் திறந்தோம். காரின் கணினியில் இருப்பதைப் போனில் காட்டும், 30 வெள்ளிக்கு வாங்கிய புளூடூத் ஓபிடி கருவியைச் செருகி, போனில் காற்றின் வெப்பநிலையைத் திறந்து என் கையில் கொடுத்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, 46 காட்டியது. மாமா ஏர் ஃபில்டர் பெட்டியில் இருந்த சென்சாரின் சாக்கெட்டை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக ஆட்டினார். 46, 46, 47. பிறகு சாக்கெட்டுக்குப் பின்னால் வயர் வெளியே வரும் இடத்தைக் கொஞ்சம் வளைத்தார். மைனஸ் 40. விட்டார், 47. வளைத்தார், மைனஸ் 40. எஞ்சின் சத்தமும் கூடவே மாறியது. அந்த இடத்தில் உறைக்கு மேலே ஒரு கீறல்கூட இல்லை, உள்ளே செம்பு இழைகள் அறுந்து ஒன்றிரண்டுதான் ஒட்டிக்கொண்டிருந்தன. சூட்டிலும் குலுக்கலிலும் தொடுகிறது, விடுகிறது. ஏர் ஃபில்டர் மாற்றும்போது சாக்கெட்டின் பூட்டை அமுக்காமல் வயரைப் பிடித்து இழுத்துக் கழற்றினால் இப்படித்தான் ஆகும் என்றார்.

அப்புறம் சென்சாரைக் கழற்றினார். மூன்று வாரத்துக்கு முன் போட்ட புதுச் சென்சார் என்றுதானே நான் நினைத்திருந்தேன். நுனியில் எண்ணெயும் தூசியும் கறுப்பாகப் படிந்திருந்தது. ரப்பர் வளையம் காய்ந்து பிளாஸ்டிக்கோடு ஒட்டிப்போயிருந்தது. மேலே ஒரு மஞ்சள் பெயின்ட் பொட்டு, அதில் ஒரு ஓரம் உதிர்ந்திருந்தது. ஜனவரியில் பேட்டரி மாற்றியபோது எடுத்த படத்தைப் போனில் தேடினேன். பேட்டரிக்குப் பின்னால் அதே சென்சார், அதே மஞ்சள் பொட்டு, அதே ஓரம் உதிர்ந்து.

நான் கொடுத்த 380 வெள்ளிக்கு அவர்கள் எரர் கோடை அழித்ததைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. விட்டுவிட்டு வரும் கோளாறில் அது போதும். அழித்தால் விளக்கு அணையும், வயர் மறுபடி விடும்வரை எரியாது. நமக்குச் சரியாகிவிட்டது போலவே இருக்கும். இதில் இன்னொரு கெடுதலும் உண்டு. கோளாறு வந்த நேரத்தில் எஞ்சின் சூடு எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று கணினி ஒரு பதிவு வைத்திருக்கும், ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். எரர் கோடை அழித்தால் அதுவும் சேர்ந்து அழிந்துவிடும். காரணத்தைக் கண்டுபிடிக்க இருந்த ஒரே தடயத்தை இரண்டு முறை துடைத்துவிட்டார்கள். எனக்குப் பணத்தைவிட இதுதான் ஆறவில்லை, அந்த வண்டியில் அம்மாவை உட்கார வைத்து ஓட்டினேன்.

தயவுசெய்து, பட்டறைக்குப் போகும் முன் ஸ்கேனர் திரையில் வரும் எரர் கோடையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் படம் எடுத்துவிடுங்கள். அழிப்பதற்கு முன்பே எடுக்க வேண்டும். சென்சார் மாற்றச் சொன்னால், சாக்கெட்டைக் கழற்றி அதன் இரண்டு முனைகளையும் ஒரு சின்ன வயரால் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். திரையில் இருந்த மைனஸ் 40 சட்டென்று நூற்றுக்கும் மேலே ஏறினால் அந்த நேரத்தில் வயரும் கணினியும் நன்றாக இருக்கின்றன, சென்சாரைச் சந்தேகப்படலாம். அப்போதும் வயரை ஆட்டிப் பார்க்காமல் விடாதீர்கள். பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது காற்றின் வெப்பமும் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

மாமா புதுச் சாக்கெட் ஒன்றை 25 வெள்ளிக்கு வாங்கி வயரைச் சேர்த்துக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை. அதே சென்சார்தான் இன்னும் ஓடுகிறது. ஏழு வாரமாக விளக்கு எரியவில்லை. உதிரிபாகக் கடையில் விசாரித்தேன், புதுச் சென்சாரே 45 வெள்ளிதான்.

படத்தோடு பட்டறைக்குப் போனேன். "எல்லாச் சென்சாரும் ஒரே மாதிரிதாண்ணே இருக்கும்" என்றார் கவுண்டரில் இருந்த அதே தம்பி, என் முகத்தைப் பார்க்காமல். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் இணையம் வழியாகவே மனு கொடுத்துவிட்டேன். என்னுடையதைப் போல 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகைக்குப் பயனீட்டாளருக்குக் கட்டணம் 10 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். இரண்டு ரசீதுகள், ஜனவரிப் படம், கழற்றிய சென்சாரின் படம், வயரை வளைக்கும்போது எடுத்த வீடியோ, எல்லாம் சேர்த்திருக்கிறேன். அடுத்த மாதம் அழைத்திருக்கிறார்கள். அது முடியும்வரை பட்டறையின் பெயரைக் கேட்காதீர்கள்.