வேடந்தாங்கலா, பள்ளிக்கரணையா?

சென்னையில் இருந்துகொண்டு பறவைகளைப் படமெடுக்கத் தொடங்குபவர் முதலில் கேட்பது இதைத்தான். 2022-ல் இரண்டும் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், இடம்பெற்றன. ஆனால் கேமராவோடு போய் நின்றால் இரண்டும் வேறு வேறு உலகம்.

வேடந்தாங்கல் கூடுகளின் ஊர். ஏரிக்குள் நிற்கும் மரங்களில் நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா எல்லாம் குடும்பம் நடத்தும். ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் தாய்ப்பறவைகள் இரையோடு திரும்பும்போது குஞ்சுகள் போடும் கூச்சலைக் கேட்க வேண்டும்! ஒருமுறை, வெயிலுக்கு இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்குக் குடைபிடித்த நாரையை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிக்கல் தூரம்தான். கரையிலிருந்து எடுப்பதால் 400 மி.மீ. லென்ஸாவது வேண்டும். இல்லையென்றால் மரமெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாகத்தான் வரும்.

பள்ளிக்கரணை சென்னைக்குள்ளேயே இருக்கும் சதுப்பு நிலம்; அங்கே போக ஒருநாள் லீவு போட வேண்டாம். விடியற்காலை போய்விட்டு ஆபீசுக்கும் போய்விடலாம். நெடுங்கால் உள்ளானும் நீலத்தாழைக் கோழியும் சில நேரம் சாலையோரத்துக்கே வந்துவிடும். பூநாரை வந்தால் அதிர்ஷ்டம். பின்னணியில் அடுக்குமாடிக் கட்டடங்கள் விழுகின்றன என்று சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தப் படங்கள்தான் பிடிக்கும். எவ்வளவு நெருக்கடியில் பறவைகள் வாழ்கின்றன என்பது அதில் தெரிகிறது.

புதிதாகக் கேமரா வாங்கியவர் என்றால் என் ஓட்டு பள்ளிக்கரணைக்கே. வாராவாரம் போனால்தான் கை பழகும். வேடந்தாங்கலுக்கு அப்புறம் போங்கள், முடிந்தால் வார நாளில்.