சோப்பா, ஹேண்ட் ரப்பா, கிளவுஸா? வார்டிலிருந்து ஒரு ஒப்பீடு

"ஊசி போடறதுக்கு முன்னாடி கை கழுவ மாட்டீங்களா சிஸ்டர்?" துணைக்கு இருந்த பாட்டி கேட்டார். கட்டில் கால்மாட்டில் மாட்டியிருக்கும் புட்டியை இரண்டு அமுக்கு அமுக்கி, அப்போதுதான் தேய்த்து முடித்திருந்தேன். பாட்டி கணக்கில் தண்ணீர் பட்டால்தான் கழுவினது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த நேரத்தில் சோப்பைவிட, புட்டியிலிருந்த ஆல்கஹால் கலவையான ஹேண்ட் ரப்தான் மேல்.

நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ரப்புக்கு 20 முதல் 30 விநாடி, சோப்புத் தண்ணீருக்கு 40 முதல் 60 விநாடி. ஒரு டியூட்டியில் 60 தடவை கை சுத்தம் செய்ய வேண்டியிருந்தால் குழாயடியிலேயே ஒரு மணி நேரம் வரை போய்விடும், நடை தனி. நடக்கிற காரியமா? கழுவாமலே அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். கழுவினாலும் துடைக்க ஒரே ஈரத்துண்டு எல்லோருக்கும் பொதுவாகத் தொங்கினால் போச்சு.

ரப் என்றால் வெறும் ஸ்பிரிட் இல்லை. அதே நிறுவனம் தந்த செய்முறையில் எத்தனால் 80 சதவீதம், அல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 75 சதவீதம்; தோல் வறளாமலிருக்கக் கொஞ்சம் கிளிசரின். ஆல்கஹால் கூடக்கூட நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. கிருமியின் புரதம் சிதையத் தண்ணீரும் வேண்டும்; சுத்த ஆல்கஹாலால் அந்த வேலை சரியாக நடக்காது. கை தானாகக் காயும்வரை தேய்க்க வேண்டும் என்பதுதான் முக்கிய நிபந்தனை. அவசரக்காரர்கள் உள்ளங்கையை உரசிவிட்டு ஓடுவார்கள். விட்டுப்போவது பெருவிரலும் விரல் நுனிகளும். ஊசியைப் பிடிப்பதும் அவைதான்.

ரத்தமோ மலமோ பட்டுக் கையில் அழுக்கு தெரிந்தால் ரப் செல்லாது, குழாய்தான். பேதி நோயாளியிடமும் அப்படியே. ஆன்டிபயாடிக் நிறைய ஏறியவர்களுக்குப் பேதியைக் கொண்டுவரும் கிளாஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில் கிருமியின் வித்துகள் (கெட்டி உறைக்குள் உறங்கும் கிருமி) ஆல்கஹாலுக்குச் சாவதில்லை. சோப்புக்கும் சாவதில்லைதான், ஆனால் தேய்ப்பும் ஓடுகிற தண்ணீரும் சேர்ந்து அவற்றைக் கையிலிருந்து பெயர்த்து அனுப்பிவிடும்.

சோப்பு தோற்ற கதையும் உண்டு. 1847இல் வியன்னா பிரசவ வார்டில், பிணம் அறுத்துவிட்டு சோப்பால் கழுவிக்கொண்டு வந்த டாக்டர்களின் கையில் வாடை போகாமலே இருந்ததைக் கவனித்தார் அங்கிருந்த செம்மல்வெய்ஸ் என்ற டாக்டர். குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த தாய்மார் சாவு, ஜூனில் 2 சதவீதத்துக்கு இறங்கியது.

மூன்றாவது, கிளவுஸ். ரத்தம், கழிவு தொடும்போது கட்டாயம் வேண்டும், மறுப்பில்லை. ஆனால் இதைக் கை சுத்தத்துக்கு மாற்றாக நினைப்பவர்களைக் கண்டால்தான் எனக்கு எரிச்சல். கண்ணுக்குத் தெரியாத பொத்தல் இருக்கலாம். கழற்றும்போது கிருமி மணிக்கட்டில் ஒட்டலாம். கழற்றியதும் கையைத் தேய்த்தே ஆக வேண்டும். அதைவிட மோசம், தன் கை பத்திரம் என்ற நினைப்பில் ஒரே ஜோடியோடு கட்டில் கட்டிலாகப் போவது. அன்றைக்கே பார்த்தேன்: யூரின் பை காலி செய்த கிளவுஸோடு ஒருவர் அடுத்த கட்டில் நோயாளியின் டிரிப்பைத் திருகிவிட்டு, அப்படியே போனை எடுத்துக் காதில் வைத்தார். என்னைக் கேள்வி கேட்ட பாட்டி, அவரை ஒன்றும் கேட்கவில்லை.