பினாங்குப் புழுக்கத்தில் நாய்க்கூண்டு: சில ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

ஜெலுத்தோங்கில் எங்கள் டெரஸ் (வரிசை) வீட்டுக் கூடத்தில் ஒரு கம்பிக்கூண்டு இருக்கிறது. அதன் கதவு பெரும்பாலும் திறந்தே கிடக்கும். செவலை, சுமார் இருபது கிலோ எடையுள்ள நாட்டு நாய், நினைத்தால் உள்ளே போய்ப் படுப்பாள், நினைத்தால் எழுந்து வருவாள். அப்படிப் புழங்குவதற்கென்றால் தாராளமாக வாங்கலாம். வீட்டுக்கு ஆள் வந்தால் அடைத்துவைக்க என்று வாங்குவதாக இருந்தால் அந்தக் காசு வீண், நாய்க்கும் கொடுமை.

இந்த எடைக்கு 36 அங்குல நீளக் கூண்டு போதும் என்றார் கடைக்காரர். தலை இடிக்காமல் நிற்க, திரும்ப, படுக்க அது போதும்தான். ஆனால் இங்குள்ள புழுக்கத்தில் எந்த நாய் சுருண்டு படுக்கிறது? நான்கு காலையும் நீட்டிச் சாய்ந்துதான் தூங்குகிறது. அதற்காகவே 42 அங்குலம் எடுத்தேன். குட்டி வளர்ப்பவர்கள் நடுவில் தடுப்பு வைக்கக்கூடிய கூண்டாகப் பாருங்கள். இடம் மிஞ்சினால் ஒரு மூலையில் மூத்திரம் பெய்துவிட்டு மறுமூலையில் படுத்துக்கொள்ளும்.

நம் ஊரில் உண்மையான ஆபத்து சூடு. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வேர்க்காது. மூச்சிரைத்து, வாயின் ஈரத்தை உலரவிட்டுத்தான் உடம்பைத் தணித்துக்கொள்ளும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது அது சரியாக நடக்காது. அதனால்தான் பக்கமெல்லாம் அடைத்த பிளாஸ்டிக் கூண்டை வீட்டுக்கு நான் சொல்வதில்லை. கார் நிறுத்தும் முன்வாசல் நிழலாகத் தெரிந்தாலும் மதியத்தில் கூரைச் சூடு அப்படியே இறங்கும். மாலை வெயில் சன்னல் வழியே சாய்கிற இடமும் ஆகாது. எங்கள் கூண்டு காற்றாடிக் காற்று படும் உள்சுவரை ஒட்டி நிற்கிறது. மின்சாரம் போனால் காற்றாடி நின்றுவிடும் என்பதால், ஆளில்லாத வீட்டில் கதவைச் சாத்துவதே இல்லை. கடையில் வாங்கிய மெத்தையைச் செவலை வெளியே இழுத்துப் போட்டுவிட்டாள். இப்போது விரிப்பது பழைய கைலிதான். தண்ணீர்க் கிண்ணத்தைக் கம்பியில் மாட்டியிருக்கிறோம்.

பழக்குவதற்குப் பொறுமை போதும். சாப்பாட்டை உள்ளே வைத்தோம், கதவைத் தொடவில்லை. அவளாகவே உள்ளே தூங்கத் தொடங்கிய பிறகுதான் சில நொடி சாத்தி, உடனே திறந்து, மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டினோம். பிடித்துத் தள்ளியதில்லை, தண்டனையாக அனுப்பியதில்லை. அவள் உள்ளே இருக்கும்போது பிள்ளைகள் கையை உள்ளே விடக்கூடாது, இது கண்டிப்பு. கதவைச் சாத்தும் முன் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள். கம்பியில் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

இதன் அருமை வெடிச்சத்த இரவுகளில்தான் தெரிகிறது. தீபாவளிகூடப் பரவாயில்லை. சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள் பிறக்கும் நள்ளிரவில், வானப் பேரரசர் பிறந்தநாளுக்கு ஹொக்கியன் சீனர்கள் போடும் பட்டாசில் பினாங்கே அதிரும். பயந்த நாய் வேலி தாண்டி ஓடித் தொலைவதும் இத்தகைய இரவுகளில்தான். அன்று கூண்டின் மேற்புறமும் இரண்டு பக்கமும் துணி போர்த்தி, முன்பக்கத்தைக் காற்றுக்கு விட்டு, கதவைத் திறந்தே வைத்து, பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருப்போம். அவள் உள்ளேயே இருந்துகொள்வாள்.

குறை என்றால், கதவின் கீழ்க்கம்பியில் பூச்சு உரிந்து துரு ஏறுகிறது. கூரான முனை தெரிகிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எல்லா நாய்க்கும் இது ஒத்துவராது. தனியே விட்டால் எச்சில் ஒழுகக் கதறி, கம்பியைக் கடிக்கிற நாயை அடைத்தால் பல்லும் நகமும்தான் உடையும். அதற்குத் தேவை கால்நடை மருத்துவரின் ஆலோசனை. மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் தகுந்த இடம் தருவதை உரிமையாளரின் கடமையாகவே வைத்திருக்கிறது. வளர்ந்த நாயாக இருந்தாலும் பகலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் அடைக்க எனக்குச் சம்மதமில்லை. குட்டிக்கு அதுவும் அதிகம். காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்கள் கூண்டை விட்டுவிட்டு, சமையலறை வாசலுக்கு ஒரு தடுப்புக் கதவு போடுங்கள், மதியம் யாராவது வந்து பார்க்கவும் ஏற்பாடு செய்யுங்கள்.