பழைய தோல் ஆர்கனைசர்: ஃபைலோஃபேக்ஸா, ஃபிராங்க்ளினா, மல்பெரியா?

பழைய தோல் ஆர்கனைசர், அதாவது வளையத்தில் தாள் மாட்டி எழுதும் தோல் அட்டை டைரி, தேடுகிறவர்கள் முதலில் தோலைத்தான் தடவிப் பார்ப்பார்கள். நான் வளையத்தைப் பாருங்கள் என்பேன். தோல் வறண்டிருந்தால் க்ரீம் பூசித் தேற்றலாம். பொத்தான் போனால் மாற்றலாம். வளையம் வாய் பிளந்துவிட்டால் அது அலமாரியில் வைக்கத்தான் லாயக்கு. வளையங்களுக்கு இடையே உள்ள தூரம்தான் இன்றைக்கும் அதற்குத் தாள் கிடைக்குமா என்பதையும் முடிவு செய்கிறது. வாங்கி அடுக்கி வைப்பதோடு நிற்காமல் தினமும் எழுதவும் வேண்டும் என்பவர்களை மனதில் வைத்தே ஃபைலோஃபேக்ஸ், ஃபிராங்க்ளின், மல்பெரி என்ற மூன்று பிராண்டுகளின் இந்த ஒப்பீடு.

ஃபைலோஃபேக்ஸில் சேகரிப்பாளர்கள் அலைந்து தேடுவது 1980-களில் இங்கிலாந்தில் தயாரான வின்செஸ்டர் மாடலை. கன்றுத் தோல், நாடாவைப் போட்டு மூடும் பொத்தான், தேவைக்கு மேல் எதுவும் இல்லாத அமைப்பு. அட்டையின் உட்புறம் 4CLF 7/8 என்பது போல ஒரு குறியீடு அச்சாகியிருக்கும். கடைசியில் வரும் எண் வளையத்தின் விட்டம், அங்குலக் கணக்கில். 7/8 என்றால் ஏறக்குறைய 22 மி.மீ. 1 1/4 அங்குல வளையத்தில் தாள் நிறைய கொள்ளும், ஆனால் இடப்பக்கத்தில் எழுதும்போது கை வளையத்தில் இடித்துக்கொண்டே இருக்கும். தினசரி உபயோகத்துக்கு 7/8 போதும், தாராளமாகப் போதும்.

இந்த நிறுவனம் 1921-ல் லண்டனில் நார்மன் அண்ட் ஹில் என்ற பெயரில் தொடங்கியது. மூல யோசனை அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் இருந்த லீஃபேக்ஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. 1940-ல் குண்டுவீச்சில் அலுவலகம் அழிந்தபோது, அங்கே வேலை பார்த்த கிரேஸ் ஸ்கர் வாடிக்கையாளர் விவரங்களைத் தன்னுடைய ஃபைலோஃபேக்ஸில் எழுதி வைத்திருந்தார். அதைக் கொண்டுதான் தொழிலை மீண்டும் நிலைநிறுத்தினார்கள். இந்தப் பொருளின் அருமையைச் சொல்ல இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அதைவிட முக்கியம், பர்சனல் அளவான 95 × 171 மி.மீ. தாளும் மூன்று மூன்றாக ஆறு துளைகளும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. அமெரிக்க டே-டைமர் நிறுவனத்தின் போர்ட்டபிள் அளவும், ஜப்பானில் பைபிள் சைஸ் என்று விற்பதும் இதே துளை அமைப்புதான். நாற்பது வருடப் பழைய வின்செஸ்டரில் புதிய தாளை இன்றே மாட்டலாம்.

ஃபிராங்க்ளின் பிளானர் வேறு ரகம். ஹைரம் ஸ்மித் 1980-களில் சால்ட் லேக் சிட்டியில் தொடங்கியது. 1997-ல் கோவி நிறுவனத்தோடு இணைந்தது. ஒரு நாளுக்கு இரண்டு பக்கம்: ஒன்றில் முன்னுரிமைக்கு A, B, C என்று எழுத்து போட்ட வேலைப் பட்டியலும் நேர அட்டவணையும், மற்றதில் குறிப்புகள். கிளாசிக் அளவு 5.5 × 8.5 அங்குலம். எழுத இடம் வேண்டும் என்றால் ஃபைலோஃபேக்ஸ் இதன் பக்கத்தில் நிற்க முடியாது, அதை மறுக்கவே மாட்டேன். ஆனால் ஏழு வளையம். ஆறு துளை போட்ட ஏ5 தாள் இதில் உட்காராது. ஜிப் வைத்த தோல் உறையோடு சேர்த்தால் கனமும் அதிகம். மேசையை விட்டு நகராதவருக்குச் சரி. இதன் சிறிய தம்பியான காம்பாக்ட்டில் ஆறே வளையம், துளை தூரமும் பர்சனல் அளவுதான். அதனால் ஃபைலோஃபேக்ஸ் தாள் அதில் மாட்டும். காம்பாக்ட் தாளைப் பர்சனல் அட்டையில் மாட்டினால்தான் அகலம் வெளியே துருத்தும்.

மல்பெரியின் ஆர்கனைசரான அஜெண்டா பார்க்க மூன்றிலும் அழகு. ஆனால் ஸ்காட்ச்கிரெய்ன் என்று போட்டிருந்தால் கவனியுங்கள், அட்டை பூச்சு கொடுத்த துணி, ஓரங்கள் மட்டும் தோல். தோல் தேடி வந்தவர் இதைத் தெரிந்துகொண்டு வாங்கட்டும். பெயருக்காகவும் விலை கொடுக்கிறோம், போலிகளும் உண்டு.

எதுவானாலும் வளையச் சோதனை ஒன்றுதான். மூடிய வளையத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இணையும் இடத்தில் வெளிச்சக் கீற்று தெரியக்கூடாது. அப்புறம் ஒரு மெல்லிய தாளை மாட்டி, இணைப்பைத் தாண்டி மெதுவாகப் புரட்டுங்கள். துளை ஓரம் சிக்கினால் இடைவெளி இருக்கிறது, ஒரு மாதத்தில் தாள்கள் கிழியும். நேரில் பார்க்க முடியாவிட்டால் மூடிய வளையத்தின் படத்தை நெருக்கத்தில் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் விட்டுவிடலாம். வாங்கிய பிறகும் ஒற்றை வளையத்தைப் பிடித்து இழுத்துத் திறக்க வேண்டாம், வரிசை முறுக்கிக்கொள்ளும். முனையில் நாக்கு இருந்தால் அதை அழுத்தியே திறக்க வேண்டும்.

தோலில் நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: விரலில் சிவப்புத் தூள் ஒட்டினால். தோல் உள்ளிருந்து உதிர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், எந்தக் க்ரீமும் அதைப் பழைய நிலைக்குக் கொண்டு வராது. கீறல், பேனா மை, மங்கல் இதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால், வளையம் சுத்தமாக மூடும், கீறல் விழுந்த 7/8 வின்செஸ்டரை எடுங்கள். பளபளக்கும் அட்டையும் பிளந்த வளையமும் உள்ளதைக் காட்சிக்கு வைப்பவர்களுக்கு விடுங்கள்.